பொறுத்துப் போ என்று சொல்லும் முன்



சாஸ்தாங்கோயில்விளையில் 1809ஆம் ஆண்டு பொன்னுமாடனுக்கும் வெயிலாளுக்கும் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோர் ஆசையோடு வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். இந்தக் குடியில் பிறந்தவன் முடி என்ற சொல்லைச் சுமப்பதா என்று உயர்சாதியார் சீறினார்கள். பெயர் முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டது. இது அன்புக்கொடி மக்கள் அறியாத வரலாறு அல்ல. ஆனால் இதைக் கேட்கும்போது அரசனையும் சாதியையும் நினைக்கும் அளவுக்கு, தொட்டிலில் கிடந்த அந்தக் குழந்தையை யாரும் நினைப்பதில்லை. ஒரு பிள்ளையைத் தாழ்த்த வேண்டும் என்றால் உலகம் முதலில் கைவைப்பது அதன் பெயரில்தான். இன்றைக்கும் பள்ளிக்கூட வாசலில் முதலில் பறிபோவது பெயர்தான்.

வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட பையன் தாயில்பட்டியிலும் இருப்பான், ஏழாயிரம்பண்ணையிலும் இருப்பான், திருத்தங்கலிலும் இருப்பான். அவன் அம்மா பேன்சி ரக வெடி செய்யும் ஆலைக்குப் போகிறவர். அலுமினியப் பொடி கையிலும் கழுத்திலும் ஏறி, எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் சாம்பல் பூத்ததுபோல் நிற்கும். ஒருநாள் ஆலையிலிருந்து நேரே பெற்றோர் கூட்டத்துக்கு வந்தார். மறுநாள் முதல் பையனுக்கு வகுப்பில் பெயர் ‘சில்வர்’. முதல் வாரம் அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். இரண்டாம் வாரம் அவன் தட்டை எடுத்து மோந்து பார்த்து, மருந்து வாடை அடிக்கிறது என்றார்கள். பிறகு அவன் பக்கத்தில் உட்காருகிறவனுக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். அதோடு அவன் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. திங்கட்கிழமைதோறும் காலையில் வயிற்றுவலி வரத் தொடங்கியது.

“என்னய்யா, வயிறு வலிக்கா?”

“ஒண்ணுமில்லம்மா. லேசாத்தான்.”

அந்த வயிற்றுவலி பொய் அல்ல. வாயால் சொல்ல முடியாத பயம் பிள்ளைகளுக்கு உடம்பில் வலியாக இறங்கும் என்பது மருத்துவர் எல்லோரும் அறிந்தது. ஒருநாள் இரவு பையன் பாதியை மட்டும் சொன்னான். அம்மாவின் கையைப் பற்றிய பேச்சை விழுங்கிவிட்டு, பட்டப்பெயர் வைக்கிறார்கள் என்று மட்டும் சொன்னான். அவனுடைய அப்பா அன்பாகத்தான் பதில் சொன்னார்: “சொல்றவன் சொல்லிட்டுப் போறான். நீ பொறுத்துப் போப்பா. நம்ம அய்யா பொறுமையத்தான சொல்லியிருக்காரு.”

அதற்குப் பிறகு அவன் வீட்டில் எதையும் சொல்லவில்லை.

அந்தத் தகப்பனார் சொன்னதில் கெட்ட எண்ணம் கிடையாது. பொறுமை அய்யாவழியின் பெரிய தர்மம். ஆனால் அய்யா வைகுண்டர் பொறுத்தது எதை, பொறுக்காதது எதை என்று நினைத்துப் பார்க்க வேண்டும். சிங்காரத்தோப்புச் சிறையில் தம் உடம்புக்கு வந்ததை அவர் பொறுத்தார். தம்மை நம்பிய மக்கள் குனிந்து நடப்பதை அவர் பொறுக்கவில்லை. உயர்ந்த சாதியாருக்கே உரியது என்றிருந்த தலைப்பாகையை எளியவன் தலையில் கட்டச் சொன்னார். எளிய மக்களை வரியாலும் ஊழியத்தாலும் வதைத்த ஆட்சியைப் பற்றி வாய்திறந்து பேசினார். அவர் காட்டிய பொறுமை வாய்மூடிக் கிடப்பது அல்ல. இன்னொன்றும் உண்டு. பொறுமை என்பது பலம் உள்ளவர் கையில் உள்ள ஆயுதம். பதினான்கு வயதுப் பிள்ளையிடம் அதைக் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் விலகிக்கொண்டால், பிள்ளைக்குப் பொறுமை காதில் விழுவதில்லை. ‘போ’ என்பது மட்டும்தான் விழுகிறது.

பிள்ளைகள் என்றால் கேலி கிண்டல் இருக்கத்தானே செய்யும் என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. சீண்டி விளையாடுவதையும் வதைப்பதையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். நார்வே நாட்டில் பணியாற்றிய டான் ஓல்வியூஸ் என்ற உளவியல் அறிஞர் இதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னார். நோகடிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்கும் பலம் இல்லாதவனிடம் செய்வது. மூன்றும் சேர்ந்தால் அது விளையாட்டு அல்ல. விளையாட்டில் இருவரும் சிரிப்பார்கள், முறை மாறி மாறி வரும். வதையில் சிரிப்பு ஒரு பக்கம் மட்டுமே. அந்த நாட்டில் 1982ஆம் ஆண்டில் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவர்கள் செய்த கொடுமையே காரணம் என்று அந்த நாடு அதிர்ந்தது. அடுத்த ஆண்டே அரசு நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது. பெர்கன் நகரில் 42 பள்ளிகளில் ஏறத்தாழ 2,500 மாணவர்களிடையே ஓல்வியூஸ் செய்த பணியில் இரண்டு ஆண்டுகளுக்குள் இந்தக் கொடுமை பாதியளவு குறைந்தது. கேலி இருக்கத்தான் செய்யும் என்பவர்களுக்கு இதுவே பதில். பெரியவர்கள் தலையிட்டால் குறைகிறது.

பெண்பிள்ளைகளிடையே இது வேறு உருவில் வரும். அடி இருக்காது, சத்தம் இருக்காது. ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான். அவள் வந்தால் பேச்சு நின்றுவிடும். நிறத்தைப் பற்றி, வீட்டைப் பற்றி, எந்தப் பையனோடோ சேர்த்து ஒரு பேச்சு கிளம்பும். முன்பு அந்தப் பேச்சு பள்ளி மணியோடு முடிந்தது. இப்போது கைப்பேசி வழியாக வீட்டுத் திண்ணைக்கும் பாய்க்கும் கூடவே வருகிறது.

இதே வகுப்பில், இதே கேலியைக் கேட்டும், ஒரு பிள்ளை ஒடிந்து போகிறது, இன்னொரு பிள்ளை நிமிர்ந்து நிற்கிறது. காப்பது எது? உடம்பில் பலம் உள்ளவன் தப்பிப்பான் என்று தோன்றும். ஓரளவுக்கு அது உண்மையும் கூட. ஆனால் உளவியல் ஆய்வுகள் அதைவிட முக்கியமான சிலவற்றைக் காட்டுகின்றன. அவற்றில் தலையானது, கேலியைப் பிள்ளை தனக்குள் எப்படி விளங்கிக்கொள்கிறது என்பது.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகர மாணவர்களை ஆராய்ந்த சாண்ட்ரா கிரகாம், யானா யுவோனன் என்ற இருவர் 1998இல் ஒன்றைக் கண்டு எழுதினார்கள். வதைபடும் பிள்ளைகளில் சிலர், ‘அந்த நேரத்தில் அந்த இடத்துக்கு நான் போயிருக்கக் கூடாது’ என்று நினைக்கிறார்கள். வேறு சிலர், ‘நான் இப்படிப்பட்டவன், அதனால்தான் எனக்கு இது நடக்கிறது’ என்று நினைக்கிறார்கள். முதல் வகை நினைப்பு செய்கையைப் பற்றியது. செய்கையை நாளை மாற்றிக்கொள்ளலாம். இரண்டாம் வகை நினைப்பு பிறவியைப் பற்றியது. பிறவியை எங்கே போய் மாற்றுவது? இந்த இரண்டாம் நினைப்பில் விழுந்த பிள்ளைகளே தனிமையிலும் பயத்திலும் தன்மீதான வெறுப்பிலும் மிகுதியாகச் சிக்கியிருந்தார்கள்.

அப்படியானால் கேலி செய்கிறவன் சொல்வது பாதி விஷம். அதைக் கேட்ட பிள்ளை ‘உண்மைதானோ’ என்று நினைக்கும்போதுதான் விஷம் முழுமையடைகிறது. வெம்பக்கோட்டைப் பையனுக்கு நடந்தது அதுதான். ‘சில்வர்’ என்று அவர்கள் கூப்பிட்டது ஒரு பக்கம். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா வரவேண்டாம் என்று நினைக்கத் தொடங்கினானே, அங்கேதான் அவன் தோற்றான். அந்தக் கை சம்பாதித்த சோற்றைத் தின்றுகொண்டே அந்தக் கைக்கு வெட்கப்பட்டான். இந்த வெட்கத்தை அவனிடமிருந்து எடுப்பதுதான் பெரியவர்களுடைய முதல் வேலை. பட்டப்பெயரை நிறுத்துவதுகூட இரண்டாவதுதான்.

அய்யாவின் பதிகளில் கருவறையில் சிலை இல்லை. கண்ணாடி இருக்கிறது, இருபுறமும் விளக்கு இருக்கிறது. தலைப்பாகை கட்டி, நாமம் தரித்து, அதன்முன் நிற்கிறவன் தன் முகத்தைப் பார்க்கிறான். இதற்கு ஆன்றோர் சொல்லும் உயர்ந்த பொருள்கள் பல உண்டு. நீ இழிந்தவன் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி நம்பவைக்கப்பட்ட ஒரு மனிதன், தெய்வத்தைக் காண வந்த இடத்தில் தன் முகத்தைக் கண்டபோது அவன் மனத்துக்குள் என்ன நடந்திருக்கும்? பழியைத் தன் பிறவிமேல் போட்டுக்கொள்ளும் அந்தப் பழைய நோய்க்கு வைகுண்டர் 19ஆம் நூற்றாண்டிலேயே கொடுத்த மருந்து அது. ஆனால் பிள்ளைகளைத் தாங்கலுக்கு அழைத்துப் போகிற பலரும், அவர்களை அந்தக் கண்ணாடிமுன் அவசரமாகக் கும்பிடவைத்து நகர்த்திவிடுகிறார்கள். ஏன் கண்ணாடி என்று பிள்ளை கேட்டால் பதில் சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்குவது பெரிய காரியம் அல்ல.

இரண்டாவது காப்பு வீடு. இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறந்த 2,232 இரட்டைப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. பள்ளியில் வதைபட்ட பிள்ளைகளில், தாயின் கனிவும் உடன்பிறந்தவரின் பாசமும் அமைதியான வீட்டுச் சூழலும் கிடைத்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள் என்று 2010இல் வெளியான கட்டுரை கூறியது. ஒரே கருவில் உருவான இரட்டையரில் இருவருமே வதைபட்டிருந்தாலும், தாயின் கனிவு கூடுதலாகக் கிடைத்த பிள்ளைக்குத் தொல்லை குறைவாக இருந்ததாம். ஒரே பிறப்பு, ஒரே வீடு, ஒரே வதை. கனிவு மட்டும்தான் வேறுபாடு.

இதைப் படித்துவிட்டுப் பட்டாசு ஆலைக்குப் போகும் தாயைக் குறைசொல்லக் கிளம்பினால் அது பாவம். விடிந்தும் விடியாமலும் ஆலை வேன் ஊர்முக்கில் வந்து நிற்கிறது. அதற்குள் சோறாக்கி, தண்ணீர் பிடித்து, தூக்குச்சட்டியோடு ஓட வேண்டும். கூலி எண்ணிக்கைக் கணக்கில் என்றால், சரம் பின்னுகிறவருக்கும் குழாய் உருட்டுகிறவருக்கும் ஒவ்வொரு நிமிடமும் காசு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்பு கலந்த வெடிகளுக்கும் தடை விதித்த பிறகு, வேலை இருக்குமா என்ற கவலையும் கூட வந்து சேர்ந்தது. சாயங்காலம் வீடு திரும்புகிறவருக்கு மூச்சுவிட நேரம் இல்லை. ஆலையில் வெடித்தது என்ற செய்தி கேட்டால் அந்தப் பகுதியில் எல்லா வீட்டிலும் நெஞ்சு அடைக்கும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்கள் போன நாளை யாரும் மறக்கவில்லை. அப்படி அப்பாவையோ அம்மாவையோ பறிகொடுத்த பிள்ளையையும் அதைச் சொல்லியே சீண்டும் வாய்கள் பள்ளிக்கூடத்தில் உண்டு என்பது கசப்பான உண்மை.

நேரம் இல்லாத வீட்டிலும் கனிவுக்கு இடம் உண்டு. நீண்ட பேச்சு தேவையில்லை. கேள்வியை மாற்றினால் போதும். ‘பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சு?’ என்றால் ‘ஒண்ணுமில்ல’ என்றுதான் பதில் வரும். ‘இன்னைக்கு யார்கூட உக்காந்து சாப்பிட்ட?’ என்று கேட்டால் உண்மை தானாக வெளிவரும். தொடர்ந்து மூன்று நாள் ‘தனியா’ என்று பதில் வந்தால் பெற்றோர் விழித்துக்கொள்ள வேண்டும். பிள்ளை சொல்லத் தொடங்கும்போது பாதியில் அறிவுரை சொல்லக் கூடாது. ‘நீ என்ன செஞ்ச?’ என்று கேட்கக் கூடாது. அது பழியை மறுபடியும் அவன்மேலேயே போடும். ‘சொன்னது நல்லதாப் போச்சு. இது உன் தப்பு இல்ல. நாங்க பாத்துக்கிடுதோம்’ என்ற மூன்று வார்த்தைகள் முதல் நாளுக்குப் போதும்.

பெற்றோரால் முடியாமல் போகும் வீடும் உண்டு. குடித்துவிட்டு வரும் தகப்பன், நோயில் கிடக்கும் தாய், பிழைப்புக்குத் திருப்பூர் போய்விட்ட அண்ணன். அப்படிப்பட்ட பிள்ளைக்கு வழி இல்லையா? ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற அம்மையார் அவர்கள் நாற்பது வயது ஆகும்வரை தொடர்ந்து பார்த்தார். வறுமை, குடும்பச் சண்டை, குடி, பெற்றோரின் மனநோய் என்று பல துன்பங்களுக்கு நடுவே வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் திறமையும் அன்பும் உள்ள மனிதராக வளர்ந்தார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்ட ஒன்று, தங்களை உண்மையாக மதித்த ஒரு பெரியவராவது வாழ்க்கையில் இருந்தது. தாத்தா பாட்டி, அத்தை, ஆசிரியர், அடுத்த வீட்டுக்காரர், கோயிலைச் சேர்ந்தவர் என்று அது யாராகவும் இருக்கலாம். ஒருவர் போதும் என்பதுதான் அதில் உள்ள ஆறுதல்.

நிழல்தாங்கல் என்ற பெயரே இதற்கு ஏற்றதாக அமைந்திருக்கிறது. தாங்கல்கள் தொடக்கக் காலத்தில் வழிபாட்டோடு எளிய மக்களுக்கு எழுத்தறிவு கொடுக்கும் இடங்களாகவும் இருந்தன. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைப் பணிவிடைக்குப் பிள்ளைகள் வருகிறார்கள், இனிமம் வாங்குகிறார்கள், போகிறார்கள். அவர்களில் யார் இரண்டு வாரமாகத் தலைகுனிந்து நிற்கிறான், யார் முன்பு ஓடியாடியவள் இப்போது தூணோரம் ஒதுங்குகிறாள் என்று பார்க்க ஒரு கண் வேண்டும். பணிவிடை செய்கிறவருக்கு அந்தக் கண் இருந்தால் அதுவும் பணிவிடைதான். திருஏடு வாசிக்கும்போது நன்றாகப் படிக்கும் பிள்ளையை மட்டும் முன்னே அழைக்காமல், திக்கித் திக்கிப் படிக்கும் பிள்ளைக்கும் இரண்டு அடி கொடுத்துப் பொறுமையாகக் கேட்கலாம். பொறுமைக்கு உண்மையில் இடம் அங்கேதான்.

மூன்றாவது காப்பு நண்பன். இதில் கூட்டம் முக்கியமல்ல. கனடாவில் நடந்த ஆய்வு ஒன்று, மனம் ஒத்த ஒரே ஒரு நெருங்கிய நண்பன் இருந்தாலும் வதையின் சுழல் அறுபடத் தொடங்குகிறது என்று 1999இல் காட்டியது. அதே நாட்டில் டொரண்டோ பள்ளி மைதானங்களில் ஒளிப்பதிவு செய்து பார்த்ததில், பத்தில் ஒன்பது வதைகள் மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தன. தடுக்க முன்வந்தவர்கள் ஐந்தில் ஒரு முறைக்கும் குறைவு. ஆனால் யாராவது ஒரு பிள்ளை குறுக்கே வந்தபோது, பாதிக்கும் மேற்பட்ட முறை பத்து விநாடிக்குள் வதை நின்றது. பத்து விநாடி என்பது ‘அய்யா சிவ சிவ’ என்று இரண்டு மூன்று முறை சொல்லும் நேரம். அவ்வளவுதான் தேவைப்படுகிறது. சண்டைக்குப் போக வேண்டியதுகூட இல்லை. ‘ஏய் விடுறா, வாடா போகலாம்’ என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் போதும்.

தாழ்த்தப்பட்ட மக்களின் மனத்தை நிமிர்த்த வைகுண்டர் வழி செய்தபோது, ஒவ்வொருவரையும் தனித்தனியே தவமிருக்கச் சொல்லவில்லை. 700 குடும்பங்களைச் சேர்த்து வாகைப்பதியில் துவையல் தவசில் இருக்கச் சொன்னார். ஒன்றாகக் குளித்து, ஒன்றாகத் துவைத்து, ஒன்றாக உண்டார்கள். ஒருவன் தனியே நிமிர முயன்றால் அடிப்பார்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் அடிக்கிற கை யோசிக்கும். பிள்ளைக்கும் அதே கணக்குத்தான்.

இதுவரை சொன்னவை வதைபடும் பிள்ளையைப் பற்றியவை. கடினமான பகுதி இனிமேல்தான் வருகிறது. வதைக்கிற பிள்ளையும் ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளைதான். நாமம் தரித்த வீட்டில் அப்படிப்பட்ட பிள்ளை இருக்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

1899 ஜூன் 6 அன்று சிவகாசியில் நாடார் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. கோயிலுக்குள் நுழைய உரிமை கேட்டதற்காக வந்த பகை அது. அந்த நெருப்பில் நின்றவர்களின் மக்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. தொழில் கற்றார்கள், மகமை பிரித்தார்கள், பள்ளி நடத்தினார்கள். விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து நடத்திய சத்திரிய வித்தியா சாலையில்தான் காமராசர் படித்தார். பிறகு அவர் முதலமைச்சராக இருந்தபோது பள்ளிகளில் மதிய உணவும் சீருடையும் வந்தன. எல்லோரும் ஒரே சோறு, எல்லோருக்கும் ஒரே துணி. யார் வீட்டுப் பிள்ளை என்று சட்டையைப் பார்த்துச் சொல்லக் கூடாது என்பதே சீருடையின் நோக்கம். அந்தச் சீருடைக்குக் கீழே மணிக்கட்டில் இன்றைக்கு ஒரு வண்ணக் கயிறு தொங்குகிறது. சட்டை சொல்ல மறுத்ததைக் கயிறு சொல்லிவிடுகிறது. நேற்று பெயரையும் உடையையும் பறிகொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வேறு ஒரு பிள்ளையின் பெயரைப் பறித்தால், அகிலத்திரட்டை மடியில் வைத்துப் படிப்பதால் என்ன பயன்?

இது கற்பனைப் பயம் அல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பள்ளியில் தனக்கு நேர்ந்த சாதித் தொல்லையைச் சொன்ன மாணவர் ஒருவரை உடன்படிக்கும் மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தமிழ்நாடே அதிர்ந்தது. அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அளித்த அறிக்கை, மாணவர்கள் சாதி காட்டும் கயிறும் மோதிரமும் அணியக் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக் கூடாது, வகுப்பில் அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும், மாணவர் குறைகேட்கப் பள்ளி நல அலுவலர்களை நியமிக்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது. சட்டமும் ஆணையும் தேவைதான். ஆனால் கயிறு கட்டிக்கொண்டு பிள்ளை வீட்டைவிட்டுப் புறப்படும்போது அதைப் பார்க்கிற முதல் கண் தாயுடையது. ‘இது எதுக்குக் கட்டியிருக்க? யார் கட்டினா?’ என்று அவர் கேட்டுவிட்டால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் வீட்டுப் பெரியவர்கள் அடுத்த தெருக்காரரைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பதும் அந்தக் கயிற்றில் ஒரு இழைதான்.

நாங்குநேரி இன்னொன்றையும் சொல்கிறது. பிள்ளை வாய்திறந்து சொன்ன நாளே அவனுக்கு மிக ஆபத்தான நாளாகவும் ஆகலாம். ஆகையால் புகார் கொடுத்துவிட்டோம் என்று பெரியவர்கள் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. வகுப்பாசிரியரைத் தனியே பார்த்துப் பேசுவது, தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுப்பது, அடுத்த சில வாரம் போகவர ஒரு துணை ஏற்பாடு செய்வது, மீண்டும் போய் விசாரிப்பது எல்லாம் சேர்ந்தால்தான் அது புகார். வதைத்த பையனையும் வதைபட்டவனையும் எதிரெதிரே நிறுத்தி ‘கை குடுத்துக்கோங்கடா’ என்று முடித்துவைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதைச் செய்யவே கூடாது. பலம் இல்லாதவன் அந்த இடத்தில் பயந்துதான் கை கொடுப்பான். பள்ளியில் பேச வழியில்லை என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், 14417 என்ற பள்ளிக் கல்வித்துறை எண்ணும் இருக்கின்றன. பிள்ளை தன்னையே மாய்த்துக்கொள்வதுபோல் ஒரு சொல் சொன்னாலும் அதை மிரட்டல் என்று தள்ளாமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். 14416 என்ற மனநல எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

சிவகாசிச் சீமையில் இதில் இன்னும் ஒரு பெரிய இழப்பு மறைந்திருக்கிறது. ஒரு காலத்தில் இங்கே பிள்ளைகள் பள்ளிக்குப் பதிலாகத் தீப்பெட்டிக் கட்டைகளின் முன் உட்கார்ந்தார்கள். 1986இல் சட்டம் வந்தது. 1996 டிசம்பர் 10 அன்று, சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறிப் பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. 2016இல் 18 வயது நிரம்பாதவர்களையும் ஆபத்தான தொழிலிலிருந்து சட்டம் விலக்கியது. பல பேர் பாடுபட்டு ஆலையிலிருந்து பள்ளிக்குக் கொண்டுவந்த பிள்ளை, பள்ளியில் உட்கார இடமின்றி ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டால் அடுத்து எங்கே போவான்? பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் இல்லாத ஒரு தகரக் கொட்டகைக்கு, திரி வெட்ட. ஒரு பட்டப்பெயர் அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும்.

வெம்பக்கோட்டைப் பையனின் கதை அப்படி முடிய வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்கலில் உகப்படிப்பு முடிந்த பிறகு, பணிவிடை செய்யும் தாத்தா அவனைக் கூப்பிட்டுத் தலைப்பாகைத் துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார். மடித்துக் கட்டிக்கொண்டே, “உன் பேர் என்னப்பா?” என்று கேட்கிறார். அவன் மெல்ல முனகுகிறான். “காது கேக்கலையே. முழுசாச் சொல்லு. அம்மா பேரையும் சேத்துச் சொல்லு” என்கிறார். அவன் அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமை ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வருவதென்று அவர் முதல் நாள் இரவே தீர்மானித்திருந்தார்.